டார்ச் பிடித்தவன்

இன்னும் கட்டாத வீட்டுக்குள் வெயில் அடிக்க வைப்பதுதான் அவருக்குத் தொழில். வரைபடத்தைக் கொடுத்தால் போதும். கதவு, ஜன்னல் வைத்து, தரையில் வெளிச்சம் விழவைத்து, வாங்கப் போகிறவன் மயங்குகிற மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவார். தெருவில் அவருக்கு நிழல்காரர் என்றே பேர். பழைய மெஷினில் ஒரு படம் முடிவதற்குள் கட்டடமே எழும்பிவிடும் என்று கேலியும் உண்டு.

அந்தக் கேலிக்கு மருந்தாகத்தான் மச்சான் வந்தான். மனைவியின் அண்ணன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோளில் கை போட்டுத் திரிந்த சிநேகிதன். செங்கல் கனத்துக்கு, படத்தை வேகமாக முடித்துத் தருகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவருடைய வேலை அறைக்கு மாடிப்படி ஏறினான்.

"உன் பழசை வித்துடு மாப்ள. ஒரே மெஷின், ரெண்டு பேரு. வேலையிலயும் பாதி, கரண்ட் பில்லுலயும் பாதி."

நிழல்காரர் கண்ணை மூடிக்கொண்டு விற்றார்.

படம் பறந்தது. கூடவே மீட்டரும் பறந்தது. பழைய கார்டு இரண்டு ஃபேன் ஓடுகிற அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். இது வேலையில் இறங்கிவிட்டால் இஸ்திரிப்பெட்டியைக் கழற்றாமல் போட்டு வைத்த கதைதான். அதன் சூட்டைத் தணிக்க ஏசி, ஏசிக்கு இன்னும் கொஞ்சம் கரண்ட். முதலில் அவர் ஏசியை நிறுத்தினார். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வேலை இருந்தால் மட்டுமே மெஷின் என்று கட்டளை போட்டார். அப்படியும் பில் ஏறிக்கொண்டே போனது. மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று.

கணக்கு எங்கோ உதைக்கிறதே என்று யோசித்தவருக்கு, கீழ்க்கடை தையல்கார அக்காவின் மேல் சந்தேகம் விழுந்தது. அவளுடைய வயரும் அதே படிக்கட்டு போர்டு வழியாகத்தான் போகிறது. கட்டடச் சொந்தக்காரரைக் கூட்டி வந்து, டீக்கடைக் கூட்டம் வேடிக்கை பார்க்க, போர்டைத் திறக்க வைத்தார். "இவங்கதான் நம்ம லைன்ல இருந்து எடுக்கறாங்க." அவர் வயர் வயராக விரலை விட்டுத் தேட, மச்சான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா உள்ளே போய்த் தையல் மெஷினை மிதித்தாள். அன்றிலிருந்து துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் இரண்டு பேர் குறைந்தார்கள்.

மச்சான் வெளியூர் போயிருந்த ஒரு மழை நாள். தொப்பலாக நனைந்து வந்த நிழல்காரர் சட்டையைக் கழற்றி, மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் போட்டார். தலையைத் துவட்டி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் சட்டையின் கீழ்ப்பாதி காய்ந்திருக்கிறது!

குனிந்து கையை நீட்டினார். அனல். இரண்டு நாளாக அவருக்கு வேலையே இல்லை. திரையும் இருட்டாகத்தான் கிடந்தது. திரையின் பொத்தானை அமுக்கினார். முகம் தெரியாத யாரோ ஒருவனுக்காகக் கார்டு மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் மச்சானின் பெயர், இணையம் வழியாகக் கார்டை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டதாக அறிவிப்பு, சேர்ந்த தொகை. கார்டு வந்த வாரத்திலிருந்தே ஓடுகிற வாடகை.

போன் போட்டார்.

"சும்மாதான மாப்ள கெடக்கு? சும்மா கெடக்கற வண்டிய நாலு பேரு ஓட்டினா என்ன?"

"பெட்ரோல் யாரு போடறது?"

"பாதி நீ, பாதி நான். அதான பேச்சு?"

"வாடகையில பாதி?"

"கார்டு என்னோடதுல்ல."

பணம் போனதைக்கூட நிழல்காரர் பொறுத்துக்கொள்வார். "அக்கா மேல பழி போட்டேனே, அப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"நீயாதான போய்ச் சொன்ன? நான் சொல்லச் சொன்னேனா?"

பிளக்கைப் பிடுங்கினார். ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

"அக்கா, உங்க மேல தப்பு இல்ல."

அவள் தலை நிமிரவில்லை. "அது எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. ஊர் பாக்க சொன்னத, இப்ப காதோட வந்து சொல்ற."

அவர் கட்டடச் சொந்தக்காரருக்குப் போன் செய்து வரவழைத்தார். மழைக்கு ஒதுங்கிய டீக்கடைக் கூட்டம் அப்படியே இருந்தது. அதே போர்டுக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அக்கா எடுக்கல. கரண்ட்ட வித்தது என் மச்சான்."

யாரோ சிரித்தார்கள். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஒரு தடவை அவரைப் பார்த்தாள். மறுபடி மிதித்தாள்.

படியேறுவதற்குள் செய்தி அவரை முந்திவிட்டது. வீட்டிலிருந்து மனைவியின் போன். அழுகைக் குரல்.

"எங்கண்ணனப் போய் தெருவுல வெச்சு... காசு கேட்டா குடுத்திருக்க மாட்டானா? அப்படி என்னங்க பண்ணிட்டான் உங்களுக்கு?"

அறை குளிர்ந்து போயிருந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது அவருக்கு. கார்டு, வாடகை, பில், மகளின் கட்டணம்.

"டார்ச் அடிச்சான்மா," என்றார். "நான் தேடறப்போ, அவன்தான் டார்ச் அடிச்சான்."