ஜெகநாதன் சார் நடந்த மார்கழி

சென்ற வாரம் விடிவதற்கு முன் கைபேசி அடித்தது. ஜெகநாதன் சாரின் எண். இந்த மார்கழியிலும் ஆரம்பித்துவிட்டாரா இந்த மனிதர் என்று எரிச்சலோடுதான் எடுத்தேன். பேசியது அவர் மனைவி சரோஜா. தூக்கத்திலேயே போய்விட்டாராம். இப்படிப் போகவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

நம் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் தெரியும். அவர் கணக்கு, நான் அறிவியல். அவர் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்கும், என் வகுப்பில் கொட்டாவிதான். ஓய்வு பெற்றதோடு விட்டது தொல்லை என்றிருந்தேன். போன வருஷம் நான் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட நேரம் பார்த்து, அவர் ஸ்கூட்டரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நான் போன பிசியோதெரபி நிலையத்துக்கே வந்தும் சேர்ந்தார்.

நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்குவேன். அவர் பக்கத்துக் கட்டிலில் காலைத் தூக்கியபடியே, பயிற்சி தரும் பெண்ணிடம் அவள் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று விசாரிப்பார். "ஜெகநாதன் சாரப் பாருங்க, முகமே சுளிக்க மாட்டாரு" என்பாள் அவள் என்னிடம். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!

கார்த்திகைக் கடைசியில், இனி வீட்டிலேயே நடந்து பழகுங்கள் என்று இருவரையும் அனுப்பிவிட்டார்கள். குளிரில் மூட்டு இறுகும், இப்போது சும்மா படுத்தால் கால் மடங்காது, பிறகு கடைசிவரை வாக்கர்தான் என்று அந்தப் பெண் என்னை எச்சரித்தாள். என் வீடு ஊருக்கு வெளியே பரவையில், அவர் வீடு ஊரின் மறு கோடியில். மார்கழிப் பனியில் காலை நீட்டினாலே உயிர் போனது. தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மார்கழி பிறந்த அன்று இருட்டோடு போன் வந்தது.

"தங்கராசு சார், எந்திரிச்சாச்சா? பெருமாள் கோயில் வாசல்ல நிக்கிறேன். பொங்கல் கையில இருக்கு, நெய் வழியுது."

பின்னால் மணிச் சத்தம் வேறு. அந்தப் பொங்கல் விடியுமுன் வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இடுப்பு ஒடிந்த மனிதர் அங்கே நிற்கிறார், நான் போர்வைக்குள் கிடக்கிறேன். மறுநாளும் போன், அதற்கு மறுநாளும். எனக்குப் பொறுக்கவில்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாக்கரோடு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டேன். அன்று பாதி வழிதான் முடிந்தது. அவரைத் திட்டிக்கொண்டே போனேன், திட்டிக்கொண்டே திரும்பினேன். கோயிலை எட்டவே பல நாளாயிற்று. எட்டிய அன்று பொங்கல் தொன்னையும் கையுமாக நின்று நானே அவருக்குப் போன் போட்டேன்.

"எங்க பொங்கல்ல முந்திரி ஜாஸ்தி சார்" என்றார் அவர்.

தை மாதம் பார்க்கப் போனேன். எனக்கு முழங்கால் நன்றாக மடங்கியது. அவர் வாக்கரோடு தடுமாறிக்கொண்டிருந்தார். அளவுக்கு மீறி நடந்துவிட்டதால் டாக்டர் குறைக்கச் சொல்லிவிட்டாராம். மீறி நடக்க முடிந்ததே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

துக்க வீட்டில் இதைச் சரோஜாவிடம் சொல்லி, போன மார்கழியில் என்ன நடை நடந்தார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவரு எங்கண்ணே நடந்தாரு? கட்டில விட்டே எறங்கல. உங்களுக்குப் போன் போடுறப்ப என்னையப் பூசை மணிய அடிக்கச் சொல்லுவாரு."

எதற்காம் என்று கேட்டேன்.

"நீங்க முந்திருவீங்கன்னு பொறாமைண்ணே. நீங்க பொங்கல் வாங்குன அன்னைக்கு அவரு சாப்பிடவே இல்ல. மறுநாள்தான் வாக்கரத் தொட்டாரு."

அவருக்கு, என்மேல், பொறாமை! ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என் வயிறு எவ்வளவு குளிர்ந்திருக்கும். படுபாவி, சொல்லாமலே போய்விட்டார்.

மடங்கி நிமிரும் இந்தக் கால் அவர் கொடுத்தது. அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பனியில் வெடவெடத்து நின்ற காலைகளில் அவர் போர்வைக்குள் கதகதப்பாகப் படுத்திருந்தாரே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இன்று வாக்கர் இல்லாமல் கோயிலுக்குப் போனேன். எங்கள் பொங்கலில் முந்திரி நிறைய இருந்தது. போனைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.