பலூன் மைதானத்தில் மனைவியைத் தொலைத்தது

ரயிலில் தென்காசி வந்து இறங்கி, குற்றாலச் சாலை மைதானத்தில் நடக்கும், ஆள் ஏறிப் பறக்கும் ராட்சத பலூன் விழாவுக்கு வந்திருக்கிறோம். மனைவிக்கு முட்டுவலி. "வேகமா நட, இல்லாட்டி இங்கனயே நில்லு" என்று எரிந்து விழுந்துவிட்டு, முன்வரிசை பிடிக்க நான் மட்டும் போய்விட்டேன். திரும்பி வந்தால் அவளைக் காணவில்லை. அறுபத்தைந்து வயதில் கூட்டத்துக்குள் ஓடித் தேடுகிறேன்.

நேந்திரம் சிப்ஸ் விற்கும் அம்மாளிடம் அடையாளம் சொல்கிறேன். பச்சைச் சேலை, நொண்டி நொண்டி நடப்பாள்.

"முட்டுவலிக்காரிய ஏன் அண்ணாச்சி தனியா விட்டிய?" என்கிறாள். "அந்தா பாருங்க, பலூனோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்காவ."

சாரல் காற்று பலூனைச் சாய்க்க, கயிறு பிடிக்க ஆள் வேண்டுமென்று மைக்கில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழெட்டு ஆண்களுக்கு நடுவே, ஈரப் புல்லில் குதிகாலை ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்கிறாள் என் மனைவி. எனக்குப் போன உயிர் வருகிறது.

"உன்னைய விட்டுட்டுப் போனது தப்புதான்" என்கிறேன்.

"அத வீட்டுல போய் வச்சிக்கிடுதேன். வாயப் பாத்துட்டு நிக்காம இந்த நுனியப் பிடிங்க, ஆளு பத்தல."

நிம்மதியாக இரண்டு கையாலும் பிடிக்கிறேன்.