பூந்தமல்லியில் மடித்த இலை

பூந்தமல்லியில் பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே ஒரு பலகை தொங்குகிறது: 'மூன்றணாவுக்கு வயிறு நிறையச் சாப்பாடு. பாயசம் இனாம்.' இந்த இனாமுக்காகவே இரண்டு ஓட்டல்களைத் தாண்டி வந்து உட்கார்கிறேன்.

இலையில் விழுந்த சோறு கொதிக்கிறது. விரல் வைக்க முடியவில்லை. ஊதி ஊதித் தின்று ரசத்துக்கு வருவதற்குள் வெளியே ஹாரன் அலறுகிறது. எங்கள் காஞ்சிபுரம் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடுகிறார்கள். நானும் பழக்க தோஷத்தில் இலையை மடித்துவிட்டு எழுகிறேன்.

என்னோடு பஸ்ஸில் வந்த காட்டுப்பாக்கத்து விவசாயி மட்டும் அசையவில்லை.

"பஸ் போயிடுமே, ஐயா!"

"எப்டிப் போவும் நைனா? டிரைவரு உள்ள துன்னுகினு கீறாரு. ஹாரன அடிக்கிறது கிளீனரு. ஓட்டல்காரன் சொல்லி வச்சிகீறான். பாயசம் மிஞ்சணும்ல?"

சட்டென்று உட்கார்ந்து இலையைப் பிரிக்கிறேன். பாயச வாளியோடு வந்த பரிமாறுகிறவர் அதன் மடிப்பையே பார்க்கிறார்.

"மடிச்ச எலையில பரிமாறக் கூடாது சாமி. பாவம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்கிறார்.

காட்டுப்பாக்கத்துக்காரர் பாயசத்தை உறிஞ்சும் சத்தம் ஹாரனைவிடப் பலமாகக் கேட்கிறது.