துணியின் மறுபக்கம்

குறிஞ்சாக்கேணித் துறையில் தோணி வலித்த தாஹிர் காய்ச்சலில் மௌத்தாகி இரண்டு மாதம். அவன் மனைவி ஸல்ஹா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அதில் அவளுக்கு முறைப்பாடு இல்லை. அவளை வாட்டியது வேறொன்று. தாஹிரின் முகம் அவளுக்கு மறந்துகொண்டு வந்தது! வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணை மூடினால் சிரிப்பு வரும், கண்கள் வராது.

அறுபத்தெட்டாம் ஆண்டு அது. திருகோணமலையில் சில இளைஞர்கள் தங்கள் கைக்காசில் ஒரு பட விழா நடத்தினார்கள். ஆட்டமும் சண்டையும் இல்லாத, ஏழைச் சனங்களின் கஷ்டத்தைச் சொல்லும் சின்னச் சின்னப் படங்கள். அவற்றில் ஒன்று, பாலமில்லாமல் துறையில் காத்துக் கிடக்கும் நோயாளிகளைப் பற்றியது. அதில் தாஹிர் பேசியிருந்தான். விழாவின் கடைசி நாள், அந்தப் படத்தை ஊருக்கே கொண்டுவந்து காட்டப்போகிறார்களாம். மறுநாள் அது கொழும்புக்குப் போய்விடும்.

"மச்சான், ஒருக்கா அவர்ர முகத்தைப் பார்த்துட்டு வாறனே," என்று கதவுக்குப் பின்னால் நின்று, தாஹிரின் தமையன் ஹிஸ்புல்லாவிடம் கெஞ்சினாள்.

"படம் பார்க்கவா இத்தாவை முறிக்கப் போறாய், புள்ள? ஊர் என்ன கதைக்கும்? ஏலாது."

குசினிக்குள் அடுப்பூதிக்கொண்டிருந்த தாஹிரின் தங்கை நபீஸா அதைக் கேட்டாள். அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு வளவுக்குப் போனாள். அங்கே இளைஞர்கள் படம் காட்ட வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிமாரே, அதில கட்டினாக் காத்து பிச்சுக்கொண்டு போயிரும். எங்கட வேலியோரம் ரெண்டு தென்னை நிக்குது, அதில கட்டுங்க."

"காத்தே இல்லையே அக்கா?"

"இஞ்சத்தக் காத்து டவுன் புள்ளைகளுக்குச் சொல்லிட்டா வரும்?"

துணி தென்னைகளுக்கு மாறியதும் திரும்பி வந்தவள், வேலியின் ஓலைக் கிடுகை விலக்கினாள். "மதினி, துணிக்குப் பின்பக்கமும் படம் தெரியும். வளவை விட்டு இறங்க வேணாம். இதில நில்லுங்க."

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும் படம் ஓடியது. ஸல்ஹா கிடுகோடு முகத்தைப் பதித்து நின்றாள். திடீரென்று, யா அல்லாஹ், தாஹிர்! வலது கன்னத்துத் தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. எல்லாம் இடம் மாறியிருந்தது. ஆனால் அந்தக் கண்கள் அவனுடைய கண்களேதான்!

"உங்கட மனைவி டவுனுக்குப் போறவவா?" என்று ஒரு குரல் கேட்டது.

தாஹிர் சிரித்தான். "ஊரையே அக்கரைக்கு ஏத்தி இறக்கிறன். அவ ஒரு நாளும் இந்தத் தோணியில கால் வெச்சதில்ல. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. நாளைக்கு நாளைக்கு எண்டு நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன். வாற ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கட்டாயம் கூட்டிப்போவன்!"

சனம் கொல்லென்று சிரித்தது. பிறகு, பேசுகிறவன் யாரென்று நினைவு வந்ததுபோல் அடங்கிப்போனது. முன்வரிசையிலிருந்த ஹிஸ்புல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் தோணித்துறைக் களப்புப் பக்கமிருந்து உண்மையாகவே காற்று எழுந்தது. துணி உப்பி வேலியில் வந்து மோதியது. ஸல்ஹா இடைவெளிக்குள்ளால் கையை நீட்டினாள். அவன் கன்னம் அவள் விரலில் பட்டது. வெறும் துணிதான். அடுத்த கணம் வெளிச்சம் அணைந்தது.

"பார்த்தீங்களா மதினி?"

"பார்த்தன்," என்றாள் ஸல்ஹா. கை இன்னும் கிடுகுக்குள்ளேயே இருந்தது. "பெருநாள் எப்ப, நபீஸா?"

நபீஸா விரல் மடக்கி நாள் எண்ணிப் பார்த்தாள். அந்தப் பெருநாளும் இத்தாவுக்குள்ளேதான் விழுந்தது.