மகாசங்கமத்தில் மன்னித்தது செல்லுமா?

சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குச் சாயங்காலம் நடக்க வருகிற பெண்கள் ஏழெட்டுப் பேர். நடப்பதென்னவோ ஒரு சுற்றுதான். மிச்ச நேரமெல்லாம் பெஞ்சில் சீரியல் பேச்சு. எல்லாரும் படித்தவர்கள். அஞ்சாவதோடு நின்றவள் நான், ஓரமாக உட்கார்ந்து கேட்பேன்.

அந்த வாரம் பெரிய வழக்கு. ஒரே டிவியில் வரும் இரண்டு சீரியல்களை ஒரு வாரம் ஒன்றாகக் கலந்து, மகாசங்கமம் என்று போட்டார்கள். அதில் ஒரு மருமகள் புருஷனை மன்னித்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை அவளுடைய சொந்த சீரியலில், மன்னித்த ஞாபகமே இல்லாமல் மறுபடி அழுகிறாள்.

"சங்கமத்துல நடந்ததும் நடந்ததுதான். மன்னிச்சாச்சுன்னா மன்னிச்சாச்சு" என்றார் ரிட்டயர்டு டீச்சர்.

"அதெல்லாம் சேராது டீச்சர். ஒரிஜினல் கதையில வந்தாதான் செல்லும்" என்றார் பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா.

"அப்ப சங்கமத்துல அவன் போட்டுவிட்ட செயின்? இன்னிக்கும் கழுத்துல கிடக்கே!"

"கழட்ட மறந்திருப்பாங்க!"

தெருவில் கொசு மருந்து அடிக்கச் சொல்லிக் கேட்க இவர்களில் ஒருத்திக்கும் நேரம் கிடையாது. இதற்கு மட்டும் தொண்டை வற்றவில்லை.

எனக்கு வேறு கவலை. வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். சொட்டு மருந்து விட்டால் திரும்பும்போது கண் தெரியாது. கூட வர ஆளில்லை. டீச்சர் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் விட்டால்தானே. "நீங்க சொல்லுங்கக்கா. அவ மன்னிச்சாளா, இல்லியா?"

நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசாமல் தலையாட்டியிருக்கலாம். "ரெண்டுமே நடக்கலியே டீச்சர். எல்லாம் நடிப்புதானே" என்று வந்துவிட்டது.

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். "பாவம், இவங்களுக்குக் கதையே புரியல" என்றார் பேங்க் அம்மா. டீச்சர் துப்பட்டாவை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை கார் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பஸ்ஸிலேயே தாம்பரம் போனேன். திரும்பும்போது பஸ் நம்பர் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது. காலேஜ் பெண் ஒருத்தி கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

மறுநாள் ஏரிக்கரையில் டீச்சரே நகர்ந்து இடம் விட்டார். ஆஸ்பத்திரி பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நேத்து பாத்தீங்களாக்கா?"

"கண்ணுல மருந்து விட்டிருந்தாங்க டீச்சர். பாக்க முடியல."

"அடடா, நேத்துதானே முக்கியமான எபிசோடு!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.