ஒரே ஸ்டிக்கர், பாதி வேகம்

2011ஆம் ஆண்டில் ஜெஸிந்தா எடிட் செய்து கொடுத்த கல்யாண வீடியோக்கள் அறுபத்திரண்டு. 2014இல், ஆகஸ்ட் முடியும்வரை, பதினொன்று.

பச்சைத் தேயிலை கிலோ பத்து ரூபாய்க்குக் கீழே போன வருடம் அது. கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. “வீடியோ வேண்டாங்க, செல்லுலயே புடிச்சுக்கறோம்” என்றார்கள். ஊட்டி ஸ்டுடியோவை ஒப்படைத்துவிட்டு, வேலையை லவ்டேல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் கரண்ட் நினைத்தால் போகும். கணவர் ஹெர்பர்ட் யோசனை சொன்னார்: பெரிய கம்ப்யூட்டரை விற்றுவிட்டு லேப்டாப் வாங்கிக்கொள், அதில் பேட்டரி இருக்கிறது, இதிலும் ஐ5 சிப் என்று ஸ்டிக்கர், அதிலும் ஐ5 ஸ்டிக்கர். லேப்டாப்பை விற்றவன் திரையில் நாலு கட்டம் காட்டி, “பாருங்க, நாலும் ஓடுது” என்றான். பழைய கம்ப்யூட்டர், ஊட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பவுல்ராஜிடம் போனது.

பதினோராவது கல்யாணம் நடுவட்டம் ஆயம்மாளின் மகளுடையது. 1975இல் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்த ஆயம்மாள், அதற்குப் பிறகு முதல் தடவையாக அங்கே போகிறாள். அங்கே அட்டனிலேயே தங்கிவிட்ட அக்காவுக்குக் கல்யாண டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்ட வேண்டும். வியாழக்கிழமை நாலு மணிக்கு ஊட்டியில் பஸ், மறுநாள் திருச்சியில் விமானம்.

புதன் காலை ஒன்பது மணிக்கு ஜெஸிந்தா ரெண்டர் பொத்தானை அழுத்தினாள். வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாக எழுதித்தரும் வேலை அது. பழைய மெஷினில் மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்றே கால் மணி நேரம் ஆகும். லேப்டாப் பதினான்கு மணி நேரம் கேட்டது. மதியம் கரண்ட் போனது. ஒரு மணி நேரத்தில் பேட்டரியும் செத்தது. மறுபடி முதலிலிருந்து. வியாழன் காலை எழுந்து பார்த்தால் இரவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. அறுபத்திரண்டு சதவீதத்தில் அணைந்து கிடந்தது. பேட்டரிக்காக வாங்கிய பொருள்! அதைத் தூக்கி எறியாததற்கு ஒரே காரணம், படம் அதற்குள் இருந்ததுதான்.

எட்டு மணிக்கெல்லாம் லேப்டாப்போடு பவுல்ராஜ் கடையில் நின்றாள். அவள் போட்டுவைத்த எடிட்டிங் மென்பொருளை அவர் அழிக்கவில்லை, அழிக்கத் தெரியாது. பத்து நிமிடத் துண்டு ஒன்றை இரண்டிலும் ஓடவிட்டாள். பழைய மெஷின் பதினோரு நிமிடம். லேப்டாப் இருபத்து நான்கு.

அவளுக்கே குழப்பம். வீட்டில் இதே துண்டுக்கு நாற்பத்தேழு ஆனதே?

“ஊட்டுல எது மேல வெச்சு ஓட்டுனீங்க?” என்றார் பவுல்ராஜ்.

“கம்பளி மேலண்ணா. மேசையெல்லாம் ஈரம், ஐஸ் மாதிரி இருக்கு. நாலா மடிச்சுப் போட்டு…”

“நல்லா இழுத்துப் போத்தியும் விட்டீங்களா? அது மூச்சு விடற ஓட்டை அடியில தானுங்க இருக்குது! சூடு தாங்காம மெதுவாப் போயிருக்கும்.”

வருடம் முழுக்க ஸ்வெட்டர் போடுகிற ஊரில் சூட்டைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆனால் கம்பளியை எடுத்த பிறகும் பாதி வேகம்தானே. இரண்டின் விவரப் பக்கத்தையும் திறந்து படித்தாள். பெரியதில் நாலு கோர், அதாவது சிப்புக்குள் வேலை செய்ய நாலு ஆள், 95 வாட். லேப்டாப் சிப்பின் எண்ணுக்குப் பின்னால் ஒரு ‘எம்’, லேப்டாப் ரகம் என்பதற்கு அடையாளம். இரண்டே கோர், 35 வாட். விற்றவன் காட்டிய நாலு கட்டம், இரண்டே ஆள், ஆளுக்கு இரண்டு கூடை மாட்டிக்கொண்டு நின்ற கணக்கு.

“அண்ணா, மூணேகால் மணி நேரம் மெஷினைக் கொடுங்க.”

“எப்பிடிங்க கொடுக்கறது? தேயிலைக்கு விலை கேட்டு மனு அனுப்ப இன்னைக்குக் கடைசி நாள். வெளிய பாருங்க.” பிக்கட்டிப் பக்கத்து விவசாயிகள் வாசலைத் தாண்டி நின்றிருந்தார்கள்.

“பின்னாடி ஓடிட்டு இருக்கட்டும், நீங்க டைப் அடிங்க.”

“இப்ப ஓடுனப்பவே எழுத்து திக்கித் திக்கித்தான் வந்துச்சு.”

நாலு கோரும் சும்மா கிடக்க, அதில் மனு அடிக்கிறார்கள். இரண்டு கோரில் கல்யாணம் ஓட வேண்டுமாம். லேப்டாப்பில் முழுப் படத்துக்கு ஏழு மணி நேரம். மணி ஒன்பதரை.

பத்து மணிக்குப் பெட்டியோடு, போனில் கேட்டுக்கொண்டு, ஆயம்மாள் கடைக்கே வந்து இறங்கினாள். “என்ன புள்ள, முடிஞ்சிச்சா?”

“முழுசா முடியாதுக்கா. சுருக்கினா முடியும்.”

“அப்ப சுருக்கு. அக்காவுக்கு யாரத் தெரியும்? மாப்பிள்ள ஊட்டுச் சனத்த எடுத்துரு.”

“எல்லாரையுமா?”

“பந்தியவும் எடு. திங்கிறத அவ்வளவு தூரம் கொண்டுபோய்க் காட்ட ஏலாது.”

மூன்று வாரமாக வெட்டி ஒட்டியதை ஆயம்மாள் அரை மணி நேரத்தில் தள்ளிவிட்டாள். ஒவ்வொன்றாக அழிக்கும்போது ஜெஸிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஞ்சியவை, தாலி கட்டுவது, பெண்ணின் முகம், ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் சொல்லி அக்காவை விசாரிப்பது. மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்.

லேப்டாப்பைக் கண்ணாடி மேசையில் வைத்து ஓடவிட்டாள். நூறு நிமிடம் ஆனது. நாலு மணி பஸ்ஸில் ஆயம்மாள் டிஸ்க்கோடு ஏறினாள். முழுப் படம், ஞாயிறு பூசை முடிந்து பவுல்ராஜ் கடைச் சாவியைக் கொடுத்ததும், பழைய மெஷினில் ஓடும்.