மழை நாளுக்கு ஒரு பொத்தான்

இன்று மத்தியானம் கஹவத்தை பஸ்ஸில் செல்வியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நண்பர்களின் சின்னச் சின்ன வெற்றிகளுக்குக் கைதட்ட நான் உருவாக்கும் செயலியைப் பாவிக்கும் பதினோரு பேரில் ஒருவர்.

தன் பங்கு மரங்களில் பால் வெட்டி முடித்ததும் தினமும் அதில் பதிவார். நாங்கள் கைதட்டுவோம். ஒரு நாள் விட்டாலும் நாள் கணக்குப் பூச்சியத்துக்குப் போய்விடும்.

"இருவது நாள் விடாம போட்டேன். இன்னைக்குப் போடப் போனா பூச்சியம்னு காட்டுது. ஒன் ஆப்பையே அழிச்சிறப் போறேன்."

"நேத்து நீங்க போடலையே அக்கா?"

"நேத்து விடிய விடிய மழை. ஈர மரத்துல எவ வெட்டுவா? ஒங்கம்மாவும் பால் வெட்டுனவங்கதானே, ஒனக்குமா சொல்லணும்?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சாயந்தரம் வரைக்கும் அழிக்காதீங்க அக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து சோறுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு 'இன்று மழை' என்ற பொத்தான் தயார். அதை அமுக்கினால் அந்த நாள் குறையாகாது. அக்காவின் இருபது நாளும் திரும்பி வந்தன.

ஆனால் பொத்தானை முதலில் அமுக்கியது அக்கா இல்லை. அந்தப் பதினோரு பேரில் இன்னொருவன், ஆபீஸில் லிஃப்ட் ஏறாமல் தினமும் படியேறுவதாகச் சபதம் எடுத்த, கொழும்பிலிருக்கும் நம்ம ரமேஷ்.

தம்பி, படிக்கட்டுலயும் மழையா?